மூன்று பேட்டரி தின்ற கார்

2023 ஒக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, முற்றத்து மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். இரவு பெய்தது மழை என்று சொல்லத் தகாத தூறல். முகம் மழித்து, ஒரு கோப்பை பிளேன்டீ குடித்தேன். வாரத்துக்கான சட்டைகளைத் துவைத்துப் பின்பக்கக் கூரையின் கீழ் காயப்போட்டேன். சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டேன். பிறகு மல்ட்டிமீட்டரை உறையோடு தோள்பையில் வைத்துக்கொண்டு, ஹட்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் என் குவார்ட்டர்ஸிலிருந்து அக்கா வீட்டுக்கு ஏறிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சாப்பாடு அங்கேதான். அன்று சாப்பாட்டைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. மச்சானின் காரை ஓட்டிப் பார்த்து, மறுநாள் அது நுவரெலியா வரை போகுமா போகாதா என்று நான் சொல்லியாக வேண்டும்.

மச்சான் என்றால் அக்காவின் கணவர். தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரை விட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, சிவப்பு நிறம், மூக்கு நீண்ட பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். வயதில் மச்சானைவிடக் கொஞ்சம்தான் இளையது. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் இப்படிப்பட்ட கார்கள் வரிசையாக நிற்கும். கொழும்புக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் தன்னுடையதும் நிற்க வேண்டும் என்பது மச்சானின் ஆசை. அதற்கென்று ஒரு தட்டைத் தொப்பியும் வாங்கி வைத்திருந்தார். தொப்பி ஒவ்வொரு ஏப்ரலும் நுவரெலியாவுக்குப் போய்வந்தது. கார் ஒரு தடவை கூடப் போனதில்லை.

மழை பெய்தால் துணிக்கூரையின் தையல் வழியாகத் தண்ணீர் சரியாக இடது பக்கம் இருப்பவரின் தொடையில் சொட்டும். இடது பக்கம் அக்காவின் இருக்கை. அதை மச்சான் பழைய வண்டியின் லட்சணம் என்பார். அக்கா என்ன சொல்வாள் என்பதை எழுத வேண்டியதில்லை.

ஆனால் இது தொப்பியைப் பற்றிய விஷயமாக இருந்திருந்தால் நான் மீட்டரை எடுத்திருக்க மாட்டேன். அக்கா ஆசிரியை. மறுநாள் திங்கட்கிழமை காலை நுவரெலியாவில் அவளுக்குப் பாடசாலை அதிபர் பதவிக்கான நேர்முகப் பரீட்சை. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை. முந்தைய வருடமும் இதே பரீட்சைக்கு அழைப்பு வந்தது. இதே காரில்தான் புறப்பட்டார்கள். பனிமூட்டத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு தலவாக்கலை வரை ஒழுங்காக இறங்கிய கார், அதற்கப்பால் ஏற்றம் தொடங்குகிற இடத்தில் இருமி நின்றுவிட்டது. ஹார்ன் கூட ஒலிக்கவில்லை. அக்கா இறங்கி, கட்டியிருந்த புதுச் சேலையோடு காரைத் தள்ளினாள். அந்த நேரம் பார்த்து நுவரெலியா பஸ் வந்தது. அதில் அதே பரீட்சைக்குப் போகிற ஆசிரியைகள் இருந்தார்கள். எல்லாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்களாம். ஒருத்தி கையும் அசைத்தாளாம். அக்கா ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஊரிலுள்ள நிபுணர்கள் எல்லாரும் அந்தக் காரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரே பாகத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் வயரிங் பாஸ். கார்களின் மின்வேலை பார்க்கிற சிங்களவர், கெட்டிக்காரர் என்று பெயர். விளக்குச் சுவிட்சில் கோளாறு என்றார், மாற்றினார். கார் மறுபடி நின்றது. பிரேக் விளக்குச் சுவிட்ச் என்றார், அதையும் மாற்றினார். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை, வண்டிக்கு வயதாகிவிட்டது என்றார். அந்த ஒரு முடிவு மட்டும் சரி. அதைச் சொல்ல வயரிங் படித்திருக்கத் தேவையில்லை.

அடுத்தது மச்சானின் சிநேகிதர், தோட்டத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்ற கண்டாக்கு. வேலைக்காரர்களை மேய்த்தே பழகியவர் என்பதால் காரையும் அதட்டிப் பார்த்தார். கண்ணூறு என்று தீர்ப்புச் சொல்லி, முன்பக்கம் தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துக் கட்டிவிட்டுப் போனார். தேசிக்காய் வாடியது. கார் நின்றது.

கடைசியாக ஹட்டன் பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா. ஒன்றரை வருடத்துக்குள் மச்சானுக்கு மூன்று பேட்டரி விற்றவர் அவர்தான். நான் விசாரிக்கப் போனபோது தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"மொதத்தரம் பொனெட்டத் தொறந்து பேட்டரியத் தேடினேன் சேர், காணல்ல. களவு போயிட்டோன்னு நெனச்சேன். பொறகுதான் உங்கட மச்சான் சீட்டுக்குப் பின்னால மூடியத் தொறந்து காட்டினாரு."

"மூன்றும் ஏன் நானா செத்துச்சு?"

"எனக்கு என்னா தெரியும் சேர். வருஷத்துக்கு ரெண்டு பெருநாள் வாற மாதிரி உங்கட மச்சானும் ரெண்டு தரம் வாறாரு. நான் ஏன் வாறீங்கன்னு கேக்கலாமா?"

நேர்மையான பதில். ஹட்டனில் அந்தக் காரைப் பற்றி நான் கேட்ட ஒரே நேர்மையான பதிலும் அதுதான்.

நான் வேலை பார்ப்பது ரயில்வே சிக்னல் பகுதியில். சுவிட்ச், ரிலே, பேட்டரி இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. எங்கள் வேலையில் முதல் விதி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதிப்பது. இரண்டாவது, சோதிக்காமல் எதையும் மாற்றாமலிருப்பது. இந்த இரண்டும் ஊரிலுள்ள யாருக்கும் பிடிக்காது. எதையாவது கழற்றி எதையாவது பூட்டினால்தான் வேலை நடந்ததாக நம்புவார்கள்.

பரீட்சைக்கு முந்தைய இரண்டு வார இறுதிகளும் நான் மச்சானின் கொட்டகையில் இருந்தேன். பேட்டரியை வெளியே எடுத்து முழுவதும் சார்ஜ் செய்து, வண்டியோடு இணைக்காமல் விட்டு மறுநாள் அளந்தேன். வோல்ட் இறங்கவில்லை. பேட்டரி நல்லது. பிறகு இணைத்து, சாவியை அணைத்த நிலையில் எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று பார்த்தேன். கசியவில்லை. ஆகவே நிற்கிற வண்டி பேட்டரியைத் தின்னவில்லை. எஞ்சினை ஓடவிட்டு டைனமோவைச் சோதித்தேன். வயதுக்கேற்ற மாதிரி, எஞ்சின் வேகமாகச் சுற்றினால் நன்றாகவும் மெதுவாகச் சுற்றினால் மிகக் கொஞ்சமாகவும் சார்ஜ் கொடுத்தது. டாஷ்போர்டிலிருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வைப்பர், ஹார்ன், விளக்கு, எல்லாம் சரி. பாஸ் வீசியெறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய விளக்குச் சுவிட்சும் சரி.

சரியில்லாமல் இருந்தது ஒன்றுதான். டாஷ்போர்டின் நடுவிலிருக்கும் சாவிச் சுவிட்ச். திறந்து பார்த்தால் உள்ளே பித்தளை நாக்குகள் கரிந்து குழி விழுந்திருந்தன. ஒரு சுவிட்ச் இப்படிக் கரிவதற்கு, ஒரு நாளைக்கு இரண்டு முறை திருகினால் ஐம்பது வருடம் போதாது. யாரோ இதை ஓயாமல் போட்டுப் போட்டு அணைத்திருக்க வேண்டும். நான் மச்சானைக் கேட்டேன்.

"இல்லையே மாப்ள. காலைல போடுவேன், வந்து நிப்பாட்டுவேன். ஸ்டார்ட்டரக்கூட நான் ரொம்பத் தொடுறதில்ல. பேட்டரிய அப்படிப் பாத்துக்கிறேன்."

பெருமையாகத்தான் சொன்னார். நானும் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டு, நாக்குகளை எமரிப் பேப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்த சுருள்கம்பியை மாற்றிப் பூட்டினேன். சுவிட்ச் வேலை செய்தது. ஆனால் ஏன் கரிந்தது என்று தெரியாமல் ஒரு சுவிட்சைத் திருத்துவது திருத்தமல்ல. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். நான் ரயிலிலேயே போய் வருகிறவன். அந்தக் காரில் அதுவரை ஏறியதில்லை. இருப்பதே இரண்டு இருக்கை, ஒன்று எப்போதும் அக்காவுக்கு.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இறங்கும் பாதையில் போகலாம் என்று முடிவு செய்தோம். மச்சான் தொப்பியை மாட்டிக்கொண்டார். பனி இறங்கியிருந்ததால் விளக்கைப் போட்டார், வைப்பரையும் போட்டார். சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. கொஞ்ச தூரம் சமதரை. டாஷ்போர்டில் சார்ஜ் காட்டும் முள் நடுவுக்கு வலப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இறக்கம் வந்தது. மச்சான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். அப்படியே இடது கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்றது. ஈரத் தாரில் டயர் உரசுகிற ஒலி மட்டும். தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் நழுவின. இந்தக் காரில் விளக்கும் வைப்பரும் சாவி வழியாகப் போவதில்லை; விளக்கு எரிந்தது, வைப்பர் ஆடியது, முள் இடப்பக்கக் கோடி வரை போய் அங்கேயே கிடந்தது.

"ஏன் மச்சான் நிப்பாட்டினீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வானத்தில் ஏன் சூரியன் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல.

"எறக்கந்தானே மாப்ள. எறக்கத்துல எஞ்சினுக்கு என்ன வேல?"

வளைவு முடிந்து சின்ன ஏற்றம் வந்ததும் மூன்றாவது கியரைப் போட்டு, சாவியைத் திருகி, கிளச்சை விட்டார். கார் ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பெற்றது. "பாத்தீங்களா, ஸ்டார்ட்டரே தேவையில்ல" என்றார். அடுத்த இறக்கத்தில் மறுபடி அணைத்தார். அதற்கடுத்ததிலும். இந்த மலையில் இறக்கங்களுக்குப் பஞ்சமில்லை.

ஓர் அகலமான இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, இருக்கைக்குப் பின்னாலிருக்கும் மூடியைத் திறந்து மீட்டரை வைத்தேன். காலையில் நிறைந்திருந்த பேட்டரி அதற்குள்ளேயே சோர்ந்திருந்தது. ஒரே பயணத்தில் செத்துவிடாது. ஆனால் தினமும் பஜாருக்கு எஞ்சினை அணைத்து, பனியில் விளக்கோடு இறங்கி, திரும்பி ஏறும்போது இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு வந்தால், அந்தக் கிழட்டு டைனமோ எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறையும். ஒரு நாள் நீண்ட இறக்கம் ஒன்றின் முடிவில், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் சரியாகச் சாகும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் இரண்டு தடவை திருகப்பட்ட சுவிட்ச் வேறு எப்படி இருக்கும்? பேட்டரிக் கோளாறு, சுவிட்ச் கோளாறு என்று தனித்தனியாக இரண்டு கிடையாது. ஒரே கோளாறுதான். அது தொப்பி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்களைத் தாண்டி விறகு லொறி ஒன்று இறங்கியது. சத்தமே இல்லை. அதற்குப் பின்னால் ஒரு முச்சக்கர வண்டி, அதுவும் ஊமை. அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. வயரிங் பாஸும் தன் முச்சக்கர வண்டியை இறக்கத்தில் அணைக்கிறவர்தான். கண்டாக்கு தன் மோட்டார் சைக்கிளை அணைக்கிறார். நானா தன் வேனை அணைக்கிறார். முந்தைய வருடம் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு, அணைக்காதவன் ஊதாரி என்றாகிவிட்டது. ஆகவே இத்தனை நிபுணர்களில் ஒருவருக்கும் மச்சானிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. மச்சானுக்கும் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு விடுகிறீர்களா என்று யார் யாரைக் கேட்பது?

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று உண்டு. தொழிற்சாலையில் இருந்த காலத்தில் இந்த மனிதர், கொழுந்து புளிக்கும் நேரம் சற்றுக் கூடிவிட்டால் அன்று முழுவதும் யாரோடும் பேச மாட்டார். உலர்த்தி எந்திரத்தின் சூட்டைக் கைவைத்தே சொல்வார். அவ்வளவு கண்டிப்பும் தொழிற்சாலைக் கதவோடு முடிந்துவிட்டது. மூன்று பேட்டரி வாங்கின பிறகும், தான் மிச்சம் பிடித்த பெட்ரோலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். ஏற்றத்திலும் இறக்கத்திலும் எஞ்சின் ஓடியது. ஒவ்வொரு இறக்கத்திலும் மச்சான் பெருமூச்சு விட்டார். யாரோ அவர் கண் முன்னே பெட்ரோலைப் போத்தல் போத்தலாகத் தரையில் கொட்டுவதுபோல. ஒரு தடவை அவர் கை தானாகச் சாவி பக்கம் போனது. நான் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி மேலே போய்விட்டது. வீடு வந்து அளந்தபோது பேட்டரி நன்றாகத் தேறியிருந்தது.

அக்கா மறுநாளுக்கான சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். மேசைமேல் சான்றிதழ்க் கோப்பு தயாராக இருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். அவள் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"இத்தன நாளா நாந்தானே பக்கத்துல உக்காந்துருக்கேன்" என்றாள் என்னிடம். "அவரு நிப்பாட்டுறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பஸ்ஸுக்காரனும் நிப்பாட்டுறான், எல்லாரும் நிப்பாட்டுறாங்க. எனக்கு அது தப்பாவே படல."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, போன வருஷம் அந்த எறக்கத்துல எவ்வளவு பெட்ரோல் மிச்சமாச்சு?"

மச்சான் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தன் முப்பது வருட அனுபவத்தைப் பற்றி ஏதோ தொடங்கினார். இந்தப் பாதையில் தனக்குத் தெரியாத வளைவு இல்லை என்றார். அக்கா காது கொடுக்காமல் சேலையை மடித்தாள்.

நான் வேன் பேசித் தருவதாகச் சொன்னேன். ஒரு திருகலில் எல்லாம் கெடக்கூடிய இடத்தில் நான் யாரையும் நம்புவதில்லை, தொப்பி போட்டவரை நிச்சயமாக நம்புவதில்லை. முப்பது வருடப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போகாது என்றும் சொன்னேன், அவர் முகத்துக்கு நேரே.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"வேன் வேணாம் தம்பி. போன தடவ நான் தள்ளுனத பஸ்ஸுல இருந்து அத்தன பேரும் பாத்தாளுங்க. அதுல ரெண்டு பேரு நாளைக்கும் வருவாளுங்க. இதே வண்டி அவளுங்களத் தாண்டிப் போறதையும் பாக்கட்டும்."

"நின்னுட்டா?"

"நிக்காதுன்னு நீதானே சொல்லுற."

நான் சொன்னது வண்டியைப் பற்றி, ஓட்டுகிறவரைப் பற்றியல்ல என்று விளக்கினேன். அது எனக்கும் விளங்குது என்றாள். சாப்பிட்டோம். மச்சான் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை. அவரைச் சமாதானப்படுத்தவும் யாரும் முயலவில்லை. மாலையில் நான் பேட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டு, சாவிச் சுவிட்சின் திருகாணிகளை மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டு, இரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பேட்டரியை அளந்தேன். நிறைந்திருந்தது. இருக்கைக்குப் பின்னால் வைத்து முனைகளை இறுக்கி மூடியை மூடினேன். மச்சான் தொப்பியோடு வந்து ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தார். அக்கா தொடையின் மேல் ஒரு பொலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் கோப்பை வைத்துக்கொண்டாள். சாவிக்கு மச்சானின் கை போகுமுன் அவள் கை போனது. அவளே திருகினாள். மச்சான் குமிழை இழுத்தார், எஞ்சின் பிடித்தது. அக்கா கையை எடுக்கவில்லை. உள்ளங்கையால் சாவியை மூடியபடி, நேரே பாதையைப் பார்த்துக்கொண்டு, "ம், போங்க" என்றாள்.

வாசலைத் தாண்டினதும் இறக்கம். பனியில் கார் உடனே மறைந்துவிட்டது. நான் அங்கேயே நின்றேன். எஞ்சின் சத்தம் கீழ் வளைவு வரை போனது, அதையும் தாண்டிப் போனது, நிற்கவில்லை.